மூன்றாம் நம்பர் ஷட்டர் இடப்பக்கம் திறக்கும்

நான்கு ஷட்டர்களுக்கும் ஒரு வாயாடிக்கும் காவல் இருந்த என் அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளுக்காக, இறந்துபோனவர்களுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி எங்கள் சர்ச்சின் பங்கு மடலில் கேட்டிருக்கிறார்கள். ‘நித்திய இளைப்பாற்றியில் இருக்கும்’ என்று தொடங்கினால் நன்றாக இருக்கும் என்றார் உபதேசியார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களாவது இளைப்பாறுவதாவது! ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே வானம் இருட்டினால் பாதியில் எழுந்து அணைக்கு ஓடியவர் நீங்கள். மோட்சத்திலும் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசற்கதவின் கீலைத் தடவிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஊரே படிக்கப்போகிற கடிதம் இது. ஆனாலும் உங்களிடம்தான் பேசுகிறேன். பாவசங்கீர்த்தனத்தை ஃபாதரிடம்தான் செய்ய வேண்டுமாம். நீங்களும் எனக்கு ஃபாதர்தானே?

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் படத்தை முன்னறையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். அதே ஆணியில் ஷட்டர் சங்கிலியின் பூட்டுச் சாவியும் தொங்குகிறது. சாவு என்பதில் வகரத்தின் கீழே இருக்கிற கோட்டை எடுத்துவிட்டு மேலே ஒரு வளைவு போட்டால் சாவி. அந்த வளைவுக்கு ‘மேல்விலங்கு’ என்று பெயர் என்று தமிழ் ஐயா சொன்னார். அன்று வகுப்பே தூங்கியது, நான் மட்டும் விழித்திருந்தேன். நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த விலங்குதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா அரசாங்க அணையில் லஸ்கர். ஷட்டரைத் திறப்பது, மூடுவது, கரையைச் சுற்றி வருவது, காலையில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை. பணியில் இருக்கும்போதே சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வேலையைக் கருணை அடிப்படையில் அம்மாவுக்குக் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறோம். ஃபைல் நகரும் வரைக்கும் அணையை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாங்கள் வாடகைக்கு வேறு இடம் பார்க்கவும் முடியாது, இங்கே ஒரு ஆணி கூடுதலாக அடிக்கவும் முடியாது. உங்களை ஆணியில் மாட்டினோம் அப்பா, ஆனால் மாட்டிக்கொண்டது நாங்கள்.

அணைக்குப் போனால் உங்களுக்கு அழுகை வரும். நீங்கள் சனிக்கிழமை தவறாமல் பிடுங்கிப்போட்ட அரசஞ்செடி, நான்காவது மதகுக் கண்ணுக்கு மேலே என் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. அதன் வேர் கல்லுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதவோரத்து ரப்பர் பட்டைகள் கிழிந்து, மூடின ஷட்டரே குழாய் மாதிரி ஒழுகுகிறது. கேட்டால் எஸ்டிமேட் போட்டாகிவிட்டது என்கிறார்கள். அணை என்றால் தடுப்பது. அணை என்றால் கட்டிப்பிடிப்பது. அணைந்துபோவது என்றாலும் அதே சொல்தான். மூன்றுக்கும் நம் வீட்டில் ஒரே ஆள்தான் உதாரணம்.

உங்கள் இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர் செல்வராசு அண்ணன். பல்லடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறி நின்றதும் தினக்கூலிக்கு இங்கே வந்தார். மனிதர் அவ்வளவு நல்லவர், அவ்வளவு நம்புகிறவர். என் கையில் அப்படி ஒருவர் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“ஏனுங்க அண்ணா, சக்கரத்தைத் தொடறதுக்கு முன்னால ‘ஸ்தோத்திரம்’னு ஒருக்கா சொல்லோணும். எங்கப்பா தெனமும் சொல்லுவாரு. இல்லீன்னா ஷட்டரு முறுக்கிக்கும்” என்றேன்.

ஒரு வாரம் சொன்னார், அப்பா! இரும்புச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றாவது ஷட்டருக்கு ஒரு ஸ்தோத்திரம், இரண்டாவதுக்கு ஒன்று. அம்மா பார்த்துவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடுவார். “சாமீ, இனி நீ வெயில் அடிக்குதுன்னாலும் நான் வெளிய வந்து பாத்துட்டுத்தான் நம்புவேன்” என்பார்.

இதற்குப் பிறகுதான் ஒரு நாள் அவர் உண்மையாகவே ஒன்று கேட்டார். “அம்மணி, ஒண்ணும் ரெண்டும் தெறந்து பாத்துட்டேன். மூணும் நாலும் அப்பிடித்தானா? சோத்தாங்கைப் பக்கந்தானே சுத்தோணும்?”

நான் சொன்னேன் அப்பா. நிஜமாகவே சொன்னேன். “மூணு மட்டும் பீச்சாங்கை அண்ணா. அது எடக்குப் பிடிச்சது” என்றேன். ஆனால் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பீச்சாங்கை என்ற சொல்லைச் சிரிக்காமல் யாரால் சொல்ல முடியும்? அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். “போதும் சாமீ, ஒரு வாரம் ஸ்தோத்திரம் போட்டது போதும்” என்று போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய், இது விளையாட்டு இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரித்துவிட்டார் என்ற திருப்தியில் மாங்காய் பறிக்கப் போய்விட்டேன்.

அந்த மூன்றாவது ஷட்டரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். அதுவும் என் சேட்டையால் தெரிந்ததுதான்.

ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு தகடு நட்டு, அதில் சிவப்பு அம்புக்குறி போட்டு ஒரு பக்கம் ‘திற’, மறுபக்கம் ‘மூடு’ என்று நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரல் முதல் தேதி அன்று, அதே சிவப்புப் பெயின்டை எடுத்து எல்லாத் தகட்டிலும் ‘திற’வுக்குப் பக்கத்தில் ‘மை’ சேர்த்தேன். ‘மூடு’க்குப் பக்கத்தில் ‘இல்லை’ சேர்த்தேன். அணை முழுக்க ‘திறமை, மூடு இல்லை’ என்று ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் நல்ல ஜோக்தான். ஆனால் அன்றைக்குத்தானா பெரிய அதிகாரி பார்வையிட வர வேண்டும்?

அவர் சிரிக்கவில்லை. எல்லாத் தகட்டையும் அவர் கண் முன்னாலேயே வெள்ளையடிக்க வைத்தார். இனிமேல் கையால் எதுவும் எழுதக் கூடாது, ஆபீஸிலிருந்தே அச்சடித்த பலகை வரும் என்றார். அந்தப் பலகை இன்றுவரை வரவில்லை.

என்னை நீங்கள் அடித்ததே இல்லை. அன்றும் அடிக்கவில்லை. வெள்ளைத் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். “எழுத்துப் போனா போகுது அம்மணி. அம்பும் போயிருச்சே. மூணாவது அம்பு மட்டும் வேற பக்கம் பாத்துட்டு இருந்துச்சு, நீ கவனிச்சயா?” என்று கேட்டீர்கள். நான் கவனிக்கவில்லை. அந்த அதிகாரியும் கவனிக்கவில்லை. எல்லோரும் எழுத்தைத்தான் பார்த்தோம். “அது கதவைத் தூக்கற கம்பியில திருகு மறை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்குது. யார்கிட்டயும் சொல்லாத” என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் லீவே போடவில்லை. மாமா மகள் கல்யாணத்துக்குக்கூட அம்மாவையும் என்னையும் மட்டும் பஸ் ஏற்றிவிட்டீர்கள். உங்கப்பனுக்கு அணைதான் மொதப் பொண்டாட்டி என்று கல்யாணப் பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சக்கரத்தை வேறு யார் கையிலும் விட முடியாமல் அதோடு சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனிப் புரட்டாசி மழைக்கு வருகிறேன்.

மலையில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. செல்வராசு அண்ணன் ஒன்றையும் இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டார். நான்காவதும் திறந்தது. அப்படியும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சக்கரத்தை அவர் சோத்தாங்கைப் பக்கம் சுற்றுவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

செருப்பில்லாமல் ஓடினேன். “அண்ணா, பீச்சாங்கை! பீச்சாங்கைப் பக்கம்!” என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் அவர் காதில் விழுந்தது ‘பீச்சாங்கை’ மட்டும்தான்.

“வெளையாடற நேரமா அம்மணி இது? ஊட்டுக்குப் போ!” என்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

திறப்பதாக நினைத்துக்கொண்டு, மூடின கதவை அவர் மேலும் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். இறுகுகிறது, துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்துச் சக்கரத்தில் ஒரு பைப்பைச் செருகினார். உதவிக்கு வந்த தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நெம்பினார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். டொங்கென்று ஒரு சத்தம். உங்கள் கை பருமன் இருக்கிற அந்தக் கம்பி வில் மாதிரி வளைந்து நின்றது. இனி அதை எந்தப் பக்கமும் சுற்ற முடியாது.

தண்ணீர் மண்கரையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வரைக்கும் வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடுகள், எங்கள் குவார்ட்டர்ஸையும் சேர்த்து. கோழிப்பண்ணைகளில் இருந்து தீவனச் சாக்குகளை அள்ளி வந்து, மண்ணைக் கொட்டிக் கட்டி அடுக்கினார்கள். அம்மாவும் அடுக்கினாள். மத்தியானத்துக்கு மேல் மலையில் மழை விட்டது. மட்டம் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்துத் தென்னை சாய்ந்ததோடு போயிற்று.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உங்கப்பா பேரு ஃபைல்ல இருக்குது ரோசு. அதுல ஒரு பொட்டு மை பட்டாலும் வேலையும் இல்ல, ஊடும் இல்ல. வாயெ மூடிட்டு இரு.”

மூடு. மூடு இல்லை என்று எழுதிய எனக்கு.

மறு நாள் செல்வராசு அண்ணன் வந்தார். ஆபீஸில் அவர் மேல் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார்கள். பதட்டத்தில் மூடுகிற பக்கம் சுற்றிக் கம்பியை வளைத்துவிட்டாராம். புதன்கிழமை வந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அத்தோடு வேலையும் முடிந்தது. வாசலில் நின்று கேட்டார்.

“அம்மணி, நான் தெறக்கத்தான் சுத்துனேன். நீ அன்னிக்கு எடக்குன்னு சொன்னயே, அது நெசமா? நெசம்னா சொல்லு கண்ணு. நான் ஒரு வார்த்தை அங்க சொல்லிக்கறேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

“சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க அண்ணா” என்றேன்.

அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலைக் கூவியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நிஜமான பொய் அதுதான் அப்பா. மற்றதெல்லாம் ஜோக்.

இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. அம்மா பயந்துபோய் என்மேல் கோயில் தீர்த்தம் தெளித்தாள். மூன்றாம் நாள், அந்தக் கம்பியை நிமிர்த்தி அப்படியே மாட்டிவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதே கம்பி, அதே எதிர் மறை, அம்பு இல்லாத அதே வெள்ளைத் தகடு. அடுத்த மழைக்கு வேறு ஒரு செல்வராசு அண்ணன் வருவார். அவரும் சோத்தாங்கைப் பக்கம்தான் சுற்றுவார். அப்போது மழை மத்தியானத்தோடு விடும் என்று யார் சொன்னது?

சொன்னாலும் யார் நம்புவார்கள்? சொல்வது நான் அல்லவா? ஏதாவது அத்தாட்சி கிடைக்குமா என்று உங்கள் தகரப்பெட்டியைக் குடைந்தேன். தண்ணீர் மட்டம் எழுதுகிற பழைய நோட்டின் அட்டைக்குள் மடித்துவைத்த ஒரு காகிதம் இருந்தது. விரித்தால் நெடுக்கக் கறுப்புக் கிரீஸ் கோடுகள். சாய்ந்து சாய்ந்து போகிற மறைக் கோடுகள். மூலையில் உங்கள் எழுத்தில் ‘மூணாவது ஷட்டர், பழைய கம்பி, சிங்காநல்லூர் லேத்துக்கு’ என்று இருந்தது.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பழைய கம்பி தேய்ந்ததும் புதிதாக ஒன்று கடைய வேண்டியிருந்திருக்கிறது. கம்பியைத் தூக்கிப்போக முடியாமல், அதன் கிரீஸ் மேலேயே காகிதத்தை அழுத்தி ஒரு அச்சு எடுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து எப்போதும் திரும்பித்தானே இருக்கும் அப்பா? அச்சு எடுத்தால் எல்லாம் திரும்பிக்கொள்ளும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. லேத்துக்காரர் காகிதத்தில் இருந்ததைப் பார்த்துக் கம்பியையும் அதற்குப் பொருந்துகிற நட்டையும் அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டார். நீங்கள் மாட்டிவிட்டீர்கள். அல்லது மாட்டிக்கொண்டீர்கள்.

காகிதத்தின் பின்பக்கம் ஒரே வரி, நான்கு தடவை. ‘இந்த மழை முடிஞ்சதும் சொல்லிரோணும்.’ ஒன்று நீல மையில், ஒன்று கறுப்பில், ஒன்று மறுபடி நீலத்தில், கடைசி பென்சிலில். ஒவ்வொரு மழைக்கும் ஒன்றா? முதல் வருஷமே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ வந்திருக்கும். திட்டியிருப்பார்கள். அவ்வளவுதானே? எதற்காக அப்பா இவ்வளவு பயந்தீர்கள்?

காகிதத்தை அம்மா மடியில் வைத்தேன். அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்து நான்கு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“பாவம், இந்த மனுசனுக்கு மழை முடியவே இல்ல பாரு” என்றாள். பிறகு, “நாளைக்குப் புதன்கெழமைதானே? பள்ளிக்கொடத்துக்கு லீவு சொல்லிப்போடு” என்றாள்.

சிங்காநல்லூரில் பஸ் மாறினோம். பட்டறைகள் இருக்கிற தெருவைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் பக்கம் சாய்ந்து, “இதுல எந்தப் பட்டறைன்னு தெரீலயே” என்றாள். எனக்கும் தெரியவில்லை.

ஆபீஸில் இன்ஜினியர் மேடம் இருந்தார்கள். எதிரில் செல்வராசு அண்ணன், கையில் பேனாவோடு. நான் போனதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். “திறமைன்னு எழுதுன பொண்ணு நீதானே?”

“ஆமாங்க மேடம்.”

“இது எத்தனாவது திறமை?”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், செல்வராசு அண்ணனைத் தவிர. நான் காகிதத்தை மேசையில் விரித்தேன். கணக்கு டீச்சர் முகத்தில் வெயில் அடிப்பதற்காகப் பையில் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துக் காகிதத்தின் ஓரமாக நிறுத்தினேன். காகிதத்தில் ஒரு பக்கம் சாய்ந்த கோடுகள், கண்ணாடிக்குள் மறுபக்கம் சாய்ந்தன. மேடம் குனிந்து பார்த்தார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள். வளைந்த கம்பியின் போட்டோவைச் செல்போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதன் மறையும் காகிதத்தில் இருந்த பக்கமே சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செல்வராசு அண்ணனின் கையிலிருந்த பேனாவை மேடமே வாங்கிக்கொண்டார்கள். “நீங்க நாளைக்கு அணைக்குப் போங்க. கம்பியை யாரும் தொட வேண்டாம், புதுசு வரட்டும்” என்றார்கள். பிறகு அம்மாவைப் பார்த்துத் தணிந்த குரலில், “இந்தக் காகிதத்தையும் ஃபைல்ல வைக்கோணுமுங்க. மறைக்க முடியாது” என்றார்கள்.

“மறைக்க வேண்டாமுங்க” என்றாள் அம்மா. “அவரு மறைச்சுச் சொமந்ததே போதும்.”

வெளியே வந்ததும் செல்வராசு அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “சாமீ, உன்ற வாயில இருந்து உண்மை வந்தாலும் அதுக்கும் ஒரு அம்பு போட்டுக் காட்டோணுமாட்ட இருக்குது” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அம்மாவின் ஃபைல் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டைக் காலி செய் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, இருந்துகொள் என்றும் சொல்லவில்லை. பாத்திரங்களில் பாதியை அம்மா சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள், மீதியில் சமைக்கிறாள். உங்கள் பெயரை நான் கெடுத்துவிட்டேனா, மீட்டுக் கொடுத்தேனா? சில நாள் அப்படித் தோன்றுகிறது, சில நாள் இப்படி. உங்கள் படத்தைப் பார்த்தால் நீங்களும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

போன சனிக்கிழமை மேடம் எழுத்து மூலமாகவே உத்தரவு கொடுத்தார்கள். புதுக் கம்பி வரும்வரைக்கும் மூன்றாவது தகட்டில் அம்பு இருக்கட்டும் என்று. செல்வராசு அண்ணன் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். நான் இடப்பக்கம் ஒரு சிவப்பு அம்பு போட்டேன். பக்கத்தில் ‘திற’ என்று எழுதினேன். கை ஊறத்தான் செய்தது. ‘மை’ போடவில்லை.

உங்களுக்கு ஒன்று சத்தியம் பண்ணிக் கொடுக்கிறேன். அடுத்த மழைக்கு இந்தக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருப்போமா என்று தெரியாது. எங்கே இருந்தாலும், அந்தச் சக்கரத்தைத் தொடப்போகிறவர் யாரோ அவர் முன்னால் போய் நின்று, சிரிக்காமல், எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு வருவேன். நம்பவில்லை என்றால் நம்பும்வரைக்கும் நிற்பேன். மழை முடியட்டும் என்று காத்திருக்க மாட்டேன், அப்பா.

எனக்கு அஞ்சு ஷட்டரு, அதுல அஞ்சாவது மூடவே மூடாது என்று எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொல்வீர்களே, அது கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. இப்போது திறந்துவிட்டது. அதுவும் எடக்குத்தான், உங்கள் மறைதானே.

இப்படிக்கு,
உங்கள் அஞ்சாம் நம்பர்,
மகள் ரோஸ்லின்